டீக்கடை கெட்டிலை கேட் சாஃப்ட்வேரில் வரைய முடியுமா? வளைவான பொருட்களை உருவாக்க 3 எளிய வழிகள்!

கேட் சாஃப்ட்வேர் கற்கத் தொடங்கும் பலருக்கும் முதல் வாரம் உற்சாகமாகப் போகும். செவ்வகம் வரைந்து உயரம் கொடுத்தால் பெட்டி ரெடி. வட்டம் வரைந்து உயரம் கொடுத்தால் உருளை ரெடி. ‘அட, இவ்வளவு ஈஸியா!’ என்று தோன்றும். ஆனால், ஒரு டீக்கடை கெட்டிலை வரையச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும். எங்கு பார்த்தாலும் வளைவாக இருக்கும் பொருளை எங்கிருந்து ஆரம்பிப்பது?

உண்மையில், வளைந்த திடப்பொருளை யாரும் நேரடியாக வரைவதில்லை. தட்டையான ஒரு வடிவத்தை வரைந்து, அது எப்படி நகர வேண்டும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். சுழற்றுவது, பாதையில் இழுப்பது, ஒரு வடிவத்தை இன்னொரு வடிவத்தோடு இணைப்பது என அந்த நகர்வில் முக்கியமானவை மூன்று. கெட்டிலில் இந்த மூன்றுமே இருக்கின்றன.

உடம்புக்கு ‘ரிவால்வ்’

கெட்டிலை நடுவில் நேராக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பக்கத்தில் பாதியை மட்டும் வரைந்து, நடுக்கோட்டைச் சுற்றி 360 டிகிரி சுழற்றினால் முழு உடம்பும் வந்துவிடும். கடைசல் மெஷினில் மரத்தைக் கடைவது போலத்தான் இதுவும். டம்ளர், சொம்பு, பாட்டில் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. முதலாவது, வரைந்த கோடுகள் எங்காவது ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். இரண்டாவது, வடிவம் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ‘எர்ரர்’ வரும் என்பதால் உடனே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்து. அடிப்பகுதியின் விட்டம் 140 மி.மீ. என்றால், பாதிப் படத்தில் 70 மி.மீ. என்றுதான் கொடுக்க வேண்டும். 140 என்று கொடுத்தால் சாஃப்ட்வேர் எதுவும் சொல்லாது, கெட்டில் மட்டும் இரண்டு மடங்கு அகலமாகிவிடும்.

மூக்குக்கு ‘லாஃப்ட்’

கெட்டிலின் மூக்கு உடம்போடு சேரும் இடத்தில் அகலமாகவும், நுனியில் குறுகலாகவும் இருக்கும். வேறு வேறு அளவு வளையங்களின் மேல் துணியை இழுத்துப் போர்த்தினால் எப்படி இருக்கும்? அதுதான் லாஃப்ட். அடியில் 40 மி.மீ. வட்டம், நுனியில் 15 மி.மீ. வட்டம் என இரண்டையும் தனித்தனி தளங்களில் வரைந்து இணைக்க வேண்டும்.

இரண்டு வட்டங்களை மட்டும் கொடுத்தால் மூக்கு புனல் மாதிரி நேராகவே வரும். வளைய வேண்டுமென்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு வட்டம் தேவை. அடி வட்டம் உடம்புக்குள் கொஞ்சம் புதைந்திருக்கட்டும். இல்லையென்றால் மூக்கு ஒட்டாமல் தனியாக நிற்கும்.

கைப்பிடிக்கு ‘ஸ்வீப்’

ஜிலேபி பிழிபவரைக் கவனித்திருப்பீர்கள். துணியில் உள்ள ஓட்டைதான் மாவின் தடிமன். கை போகும் வழிதான் ஜிலேபியின் வடிவம். ஸ்வீப்பும் அப்படியேதான். கைப்பிடி போகும் பாதையை ஒரு கோடாகவும், அதன் தடிமனை ஒரு வட்டமாகவும் வரைந்தால் போதும்.

பாதையின் வளைவு ரொம்ப இறுக்கமாக இருந்தால் கைப்பிடி தன்மேலேயே முட்டிக்கொள்ளும். 12 மி.மீ. தடிமன் கொண்ட கைப்பிடியின் ஆரம் 6 மி.மீ. எனவே பாதையில் வரும் எந்த வளைவின் ஆரமும் 6 மி.மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் சாஃப்ட்வேரில் ரிவால்வ் ‘ரெவல்யூஷன்’ என்றும், ஸ்வீப் ‘அடிட்டிவ் பைப்’ என்றும் இருக்கும். பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

வரிசை மாறினால் சிக்கல்

இதுவரை வந்திருப்பது உள்ளே முழுக்க அடைத்த ஒரு கட்டி. அதைக் குடைந்து 2 மி.மீ. சுவராக மாற்றுவதற்கு ‘ஷெல்’ என்ற கட்டளை இருக்கிறது. ஃப்ரீகேட்டில் இதன் பெயர் ‘திக்னஸ்’. கைப்பிடியை ஒட்டிய பிறகு ஷெல் கொடுத்தால் கைப்பிடியும் குழாய் மாதிரி உள்ளீடற்றதாகிவிடும். அதனால் வரிசை இப்படி இருப்பது நல்லது:

1. ரிவால்வ் மூலம் உடம்பு
2. லாஃப்ட் மூலம் மூக்கு
3. இரண்டும் சேரும் கூர்மையான விளிம்பை ‘ஃபில்லெட்’ மூலம் மழுங்கச் செய்வது
4. மேல்வாயையும் மூக்கு நுனியையும் திறந்துவிட்டு ஷெல்
5. கடைசியாக ஸ்வீப் மூலம் கைப்பிடி

கைப்பிடியின் முனைகள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சுவரைத் துளைத்துக்கொண்டு கெட்டிலுக்குள் துருத்தக் கூடாது.

பார்க்க நன்றாக இருந்தால் போதுமா?

போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணினியில் ‘சர்ஃபேஸ்’ என்பது தடிமனே இல்லாத வெறும் தோல். ‘சாலிட்’ என்பது எல்லாப் பக்கமும் மூடிய, கன அளவு உள்ள பொருள். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தோலை மட்டும் அனுப்பினால் 3டி பிரிண்டரோ, அச்சு செய்யும் பட்டறையோ அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணமும் ஒரு டீ பாத்திரம்தான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-ல் தன் வீட்டு டீ பாட்டை கணினியில் உருவாக்கினார். ‘யூட்டா டீ பாட்’ என்ற அந்த மாடல், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் உலகின் அடையாளமாகவே மாறியது. ஆனால், முதலில் உருவான அந்த மாடலுக்கு அடிப்பகுதியே கிடையாது! படம் காட்டுவதற்கு அது தேவைப்படவில்லை. அதே மாடலை அப்படியே பட்டறைக்கு அனுப்பியிருந்தால் ஒரு சொட்டு டீ கூட நின்றிருக்காது.

அனுப்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மாடலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ‘செக்‌ஷன் வியூ’வில் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எடை. அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். சாஃப்ட்வேர் காட்டும் கன அளவை இதனால் பெருக்குங்கள். 18 செ.மீ. உயரமுள்ள கெட்டில் சுமார் அரை கிலோ வந்தால் சரி. 5 கிலோவைத் தாண்டினால் உள்ளே குடைய மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கன அளவே பூஜ்ஜியம் என்றால் கையில் இருப்பது வெறும் தோல்.

கடைசியாக ஃபைல். எஸ்டிஎல் ஃபைல் வளைவுகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைத்துவிடும். 3டி பிரிண்டருக்கு அது போதும். சிஎன்சி மெஷினில் கடையவோ, அச்சு செய்யவோ கொடுப்பதாக இருந்தால், வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் ஃபைலாக அனுப்புவதுதான் சரி.

கெட்டில் இப்போதைக்குப் பெரிதாகத் தெரிந்தால், வீட்டில் இருக்கும் டம்ளரிலிருந்து தொடங்கலாம். ஸ்கேலால் அளந்து, பாதியை வரைந்து சுழற்றுங்கள். பிறகு எடைத் தராசில் டம்ளரை வைத்து, திரையில் வரும் எடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் என்றால் 2.7-க்குப் பதில் சுமார் 8 கிராம் என்று கணக்கிட வேண்டும்.