உப்புக் காற்றும் உருக்கின் வலிமையும்

புத்தளத்தை அடுத்த கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில் மாம்புரிக் காற்றாலைகள் சுழல்கின்றன. அருகே, 2011 இல் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்னிலையம் நிற்கிறது. இரண்டையும் தாங்குவது உருக்கே. ஆயின், உருக்கின் வலிமை யாது என்ற வினாவுக்கு விடை ஒன்றுதானோ?

பொறியியல் அட்டவணையை நாம் புரட்டினால், கட்டடங்களுக்குரிய சாதாரண உருக்கு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 250 நியூற்றன் தகைப்பு வரை நிலையாக உருமாறாது தாங்கும் எனக் காண்போம். இவ்வெண் பொய்யன்று. எனினும், துருவற்ற சிறு கோலொன்றை அறை வெப்பநிலையில் சில நிமிடங்கள் இழுத்துப் பார்த்துப் பெற்றதே அது.

காற்றாலைக் கோபுரமோ கோடிக்கணக்கான தடவை அசைவது. மீண்டும் மீண்டும் வரும் சிறு தகைப்பும் உலோகத்தைக் களைப்புறச் செய்து முறிக்கும் என்பதை, 19ஆம் நூற்றாண்டிலேயே செருமானியப் பொறியியலாளர் ஓகுஸ்ட் வோலர் புகைவண்டி அச்சுகளை ஆராய்ந்து காட்டினார். உலர்ந்த காற்றில், ஓர் எல்லைக்குட்பட்ட தகைப்பை உருக்கு எத்தனை முறையும் பொறுக்கும். உப்பீரம் அரிக்குமிடத்து அவ்வெல்லையே மறைந்துவிடும். ஆதலாற்றான் கரையோரக் கோபுரங்களுக்குக் காப்புப் பூச்சு இன்றியமையாததாகிறது.

500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீராவியைச் சுமக்கும் மின்னிலையக் குழாயோ, தகைப்பு மாறாதிருப்பினும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல விரியும். இதனை ஊர்வு என்பர்.

ஆதலின் மாணவர்களே, அட்டவணையில் ஓர் எண்ணைக் கண்டதும் கணக்கை முடித்துவிடாதீர்கள். எந்த உருக்கு, எவ்வெப்பநிலை, எத்தகைய சூழல், எத்தனை முறைச் சுமை என்பவற்றையும் வினவுங்கள். அவ்வினாக்களை மறந்தவன் எழுப்பும் கோபுரத்தின் கீழும் மக்கள் நடமாடுவர் அன்றோ?