தண்ணி இல்லாத கொள்ளிடத்துல என்ன பறவை இருக்கு?

ஏப்ரல், மே மாசத்துல "கொள்ளிடக் கரைக்குப் பறவை பார்க்கப் போறேன்"னு சொன்னா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சிரிப்பாங்க. "ஆத்துல தண்ணியே இல்ல, அங்க ஏதுடா பறவை?" இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கான பதில்தான். கூடவே நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லப் போறேன்.

முதல்ல நம்ம ஊர் அமைப்பைப் பார்ப்போம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். நடுவில் தீவாக இருப்பது ஸ்ரீரங்கம். பாசனத் தண்ணீர் காவிரியில் போகும். வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடத்தில் திருப்பி விடுவார்கள். 1830களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டியதே, தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடத்துக்கே ஓடிவிடாமல் தடுக்கத்தான். அதனால வருஷத்துல பல மாசம் கொள்ளிடம்னா மணல்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். அணை மூடின பிறகு காவிரியிலும் மணல் திட்டு தெரிய ஆரம்பிச்சிடும்.

இப்போ பறவைகளோட கணக்குக்கு வருவோம். தண்ணீர் வடியும்போது அங்கங்கே குட்டைகள் நிற்கும். மீன்கள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். சின்னக் கொக்கு, நீர்க்காகம், சங்குவளை நாரை எல்லாம் அந்தக் குட்டையைத் தேடி வரும். ஓரச் சேற்றில் பவளக்கால் உள்ளான் குச்சி மாதிரி சிவப்புக் காலோடு நடக்கும். நத்தை கிடைக்கிற இடத்தில் நத்தைகுத்தி நாரை. குளிர்காலத்தில் போனால் வடக்கிலிருந்து வலசை வந்த தகைவிலானும் மஞ்சள் வாலாட்டியும் இருக்கும்.

ஆனா எனக்கு முக்கியமா தெரியாம போனது, வெறும் மணலைப் பத்தி. சில பறவைகளுக்கு அந்த மணல்தான் வீடு. ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. தரையில் சின்னப் பள்ளம் பறித்து, வழக்கமாக 4 முட்டை இடும். ஆற்று ஆலாவும் இப்படி ஆற்று மணல் திட்டில்தான் முட்டை வைக்கும். இன்று அது உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களில் ஒன்று.

ஒரு மே மாசக் காலை, நல்ல போட்டோ வேணும்னு மணல்ல இறங்கி நடந்தேன். ஒரு ஆள்காட்டி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சு. நான் என்ன நினைச்சேன்? "ஆகா, நமக்காகவே போஸ் கொடுக்குது!" அங்கேயே நின்னு இருபது நிமிஷம் கேமராவைத் தட்டினேன். கரையில் ஆடு மேய்ச்சிட்டிருந்த பெரியவர் கூப்பிட்டார்: "தம்பி, அது உன்னத்தான் திட்டுது. கால்கிட்ட பாரு, முட்டை இருக்கும். அப்படியே வந்த வழியா திரும்பி வா."

குனிஞ்சு பார்த்தேன். நாலு அடி தள்ளி, கூழாங்கல் மாதிரியே புள்ளி போட்ட முட்டைகள். இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா மிதிச்சிருப்பேன்.

மிதிக்கலைங்கறதால தப்பிச்சேன்னு சொல்ல முடியாது. மே வெயிலில் முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட, சூடு ஏறாமல் காப்பதுதான் தாய் தகப்பனுக்குப் பெரிய வேலை. மேலே நின்று நிழல் தரும். குட்டையில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும். கிட்டத்தட்ட 28 நாள் இப்படி. நான் நின்ன இருபது நிமிஷமும் அந்த முட்டை நேர் வெயில்ல கிடந்தது. என்னைப் பார்த்துப் பறவை எழுந்ததும் காக்காவுக்கும் முட்டை எங்கேன்னு தெரிஞ்சிடும்.

அதுக்கப்புறம் நான் கடைப்பிடிக்கிறது இதுதான். பிப்ரவரியில இருந்து தண்ணி வர்ற வரைக்கும் மணல்ல இறங்க மாட்டேன். கரை, படித்துறை, பாலத்து நடைபாதை, இங்கேயிருந்து பார்த்தாலே போதும். 8x42 பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லேன்னா அம்மா மண்டபம் படித்துறையில வெறும் கண்ணாலேயே மீன்கொத்தியும் நீர்க்காகமும் பார்க்கலாம். பறவை விடாமல் கத்தினால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். வந்த தடத்திலேயே திரும்பணும். கூட்டோட போட்டோ, லொக்கேஷன் இன்ஸ்டாவுல போடக்கூடாது. மணல்ல பைக் ஓட்டுறவங்க, நாயை அவிழ்த்து விடுறவங்க நம்ம ஃப்ரெண்ட்ஸாதான் இருப்பாங்க. அவங்ககிட்ட எடுத்துச் சொல்றதும் நம்ம வேலைதான்.

பெயர் தெரியலைன்னா மெர்லின் ஆப் உதவும். பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டில் பதிவு செய்யுங்கள். வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பும் இதே முறைதான். ஒரு ஆற்றில் எது குறைகிறது என்று தெரிய, இந்தச் சின்னச் சின்னப் பட்டியல்கள்தான் ஆதாரம்.

ஆள்காட்டின்னு அதுக்குப் பேர் வச்சதே, ஆள் வர்றதை ஊருக்கே காட்டிக் கொடுக்கறதாலதான். அன்னைக்கு அது காட்டிக் கொடுத்த ஆள் நான். இந்த வாரம் கொள்ளிடம் பக்கம் போனீங்கன்னா, கரையிலேயே நில்லுங்க. அந்த மணல் காலியா இல்ல.