பாடும் பாட்டும்

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. ஊரை அடுத்துப் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரிக்கும் அதுவே பெயர். ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். தென்கோடியே தமிழகத்துக்கு உரியது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே சிறீஅரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. இருநீரும் கலக்கும் இவ்விடத்தில் இறாலும் மடவையும் நண்டும் செழித்து வளர்கின்றன.

ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் இவ்வூரில் கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர். கோட்டை அழிந்து மேடாயிற்று; அவர்தம் கல்லறைகள் மட்டும் எழுத்துடன் நிற்கின்றன. வரலாற்று நூல்கள் அக்கோட்டையையும் கல்லறைகளையும் விரித்துரைக்கும். ஏரிக்கரைக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்த பாட்டைப் பற்றி அவை யாதும் கூறா.

ஏரி மீனவர் தாம் வலை கட்டும் இடத்தைப் ‘பாடு’ என்று வழங்குவர். இறால் வலை கட்டுவதற்கு வாய்ப்பான இடங்கள் முகத்துவாரத்தை அடுத்துச் சிலவே உள்ளன. எல்லாரும் ஒரே நாளில் அங்குச் சென்றால் பூசல் விளையும். ஆதலின், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் தமக்குள் நாள்முறை வகுத்து, சீட்டெடுத்து, இடத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கத்தை நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். இம்முறையில் உரிமை பெறாத பிற குப்பத்தார் குறை கூறுதலும் உண்டு.

‘படு’ என்னும் வினை, வலையில் அகப்படுதலைக் குறிக்கும். அதன் முதனிலை நீண்டு ‘பாடு’ என நின்றது. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும் ஆதல் போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயரே. ‘அவன் படும் பாடு’ என்று துன்பத்தைக் குறிக்கும் சொல்லும் இவ்வினையடியாகப் பிறந்ததே. ‘ஒரு பாட்டுப் பாடு’ என்னும்போது வரும் சொல்லோ வேறு வினை. ஒலி ஒன்றாயினும் பொருள் வேறு. இலக்கணம் இவ்வாறு பிரித்துக் காட்டினும், மீனவர் வாழ்வில் மீன்படும் இடமும், படும் துன்பமும், பாடும் பாட்டும் பிரிந்து நின்றதில்லை.

பண்டைத் தமிழ் நூலோர் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், புள் முதலியவற்றோடு பறையும் யாழும் வகுத்தனர். கடற்கரையாகிய நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறையும் விளரியாழும் உரியன என்பர். சிலப்பதிகாரத்தில் கானல்வரி என்றொரு பகுதி உண்டு. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகின்றான். பின்னர் மாதவி அந்த யாழை வாங்கிப் பாடுகின்றாள். பரதவர் குலத்துப் பெண்ணின் அழகும் ஏக்கமும் அப்பாடல்களிற் பேசப்படுகின்றன. ஆயினும், பாடுவோர் வணிகர் குலத்து இளைஞனும் ஆடல்மகளுமே அல்லரோ? வலை இழுத்துக் காய்த்த கைகளையுடையோர் தாமே பாடிய பாட்டு எத்தகையது என்பதை அறிய ஏட்டை விடுத்துக் கரைக்குச் செல்லுதல் வேண்டும்.

கரைவலை இழுக்கும் காட்சியை எண்ணிப் பார்க்க. வலையைத் தோணியில் ஏற்றிக் கடலில் வளைத்து இறக்கியபின், அதன் இரு முனைக் கயிறுகளும் கரையில் நிற்போரிடம் வந்து சேரும். இருபது முப்பதுபேர் இரு வரிசையாக நின்று இழுப்பர். நீர் ஊறிய பருத்திவலை மிகுந்த கனமுடையது. அலை அதனைத் திரும்பக் கடலுக்குள் ஈர்க்கும். ஒருவன் முன்னும் ஒருவன் பின்னுமாக இழுத்தால் கயிறு நகராது. எல்லாருடைய வலிமையும் ஒரே கணத்தில் கயிற்றின்மேல் விழுதல் வேண்டும். அந்தக் கணத்தை அறிவிக்கும் கருவியே பாட்டு. கைகள் கயிற்றைப் பற்றியிருத்தலின் பறைக்கு இடமில்லை, வாயே பறையாகின்றது.

ஒருவன் முன்பாட்டு எடுப்பான். அவன் பாடும் அடியில் பொருள் இருக்கும். மற்றையோர் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ பின்பாட்டுப் பாடுவர். இச்சொற்களுக்குப் பொருள் தேட வேண்டுவதில்லை. இலக்கண நூலார் இத்தகையவற்றை இசைநிறை என்பர். முன்பாட்டு ஒலிக்கும்போது இழுப்போர் கயிற்றை மாற்றிப் பிடித்து மூச்சு வாங்குவர். பின்பாட்டில் மூச்சை வெளியிட்டுக்கொண்டே இழுப்பர். ‘ஐலசா’ என்பதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தால், இறுதியில் நிற்கும் நெடிலில் உடலின் விசை தானே சென்று விழுவதை உணரலாம். தெலுங்கு மீனவரும் இதனையே சிறிது திரித்து ‘ஐலெசா’ என்பர். இருமொழியும் வழங்கும் பழவேற்காட்டு ஏரியில் ஒரு கரையின் ஒலி மறுகரையாருக்கு அயலாகத் தோன்றுவதில்லை.

‘ஏலேலோ’ என்பது, திருவள்ளுவரின் நண்பராகக் கூறப்படும் ஏலேலசிங்கர் என்னும் கப்பல் வணிகரின் பெயரால் வந்தது என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. கதை இனியதே, சான்றுதான் இல்லை.

செய்யும் தொழிலுக்கேற்பப் பாட்டின் நடையும் மாறும். கட்டுமரத்தைக் கரையிலிருந்து நீரில் தள்ளும்போது அடிகள் மிகக் குறுகி விரைந்து வரும். துடுப்பு வலிக்கும்போது அடி நீளும். துடுப்பு நீரைத் தொடுவதும் மீள்வதும் தாளமாக அமையும். வலை கரையை நெருங்க நெருங்க, மெல்லத் தொடங்கிய பாட்டு துரித நடை கொள்ளும். மெட்டு பெரும்பாலும் நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். இதனைக் குறைபாடு என்று கருதுதல் தவறு. மூச்சிரைக்க இழுக்கும் ஒருவன் உச்சத்தானத்தில் சஞ்சரிக்க இயலுமோ?

முன்பாட்டுக்காரனின் திறமை குரலினிமையில் மட்டும் அமைவதன்று. பாட்டு எவ்வளவு நேரம் நீளும் என்பது அவன் கையில் இல்லை. வலையின் கனமே அதனை முடிவு செய்யும். ஆதலின் அவன் அடிகளை அவ்வப்போதே கட்டிக்கொண்டு செல்லல் வேண்டும். முதலில் தெய்வத்தை அழைப்பான். பின்னர் மீனின் பெயர்கள் வரும்; காற்றின் போக்கு வரும்; குறைந்த விலைக்குக் கேட்கும் வியாபாரியைப் பற்றிய எள்ளலும் வரும். சோர்ந்து நிற்பவனைப் பெயர் சொல்லாமலே சுட்டி நகைப்பான், எல்லாரும் சிரிப்பர், சோர்ந்தவன் கை மீண்டும் இறுகும். இத்தகைய பாடகர் எண்ணற்றோர் இக்கரையில் வாழ்ந்து மறைந்தனர். அவர்களுள் ஒருவர் பெயரும் இசை நூல்களில் இடம்பெறவில்லை.

ஏரியில் வேறு வகைத் தொழிலாளரும் இருந்தனர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட கால்வாய், பின்னர்ப் பழவேற்காட்டு ஏரியோடு இணைக்கப்பட்டு வடக்கே நெடுந்தூரம் சென்றது. 1878இல் அதற்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயரிட்டனர். ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து தமிழகத்து மரக்காணம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும், ஏரியில் எடுத்த கிளிஞ்சலும் இவ்வழியே சென்னைக்குச் சென்றன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். வாய்க்காவிடில் படகோட்டிகள் நீண்ட கழியை அடியில் ஊன்றி, அதன் தலையைத் தோளில் ஏந்தி, படகின் விளிம்பில் முன்னிருந்து பின்வரை நடந்து தள்ளுவர். அல்லது கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பர். உருசிய நாட்டு வோல்கா ஆற்றில் படகிழுப்போரும் இவ்வாறே கயிறு தோளிலிட்டுப் பாடி நடந்தனர். அவர்தம் பாட்டொன்றைப் பலாகிரெவ் என்னும் இசையறிஞர் கேட்டெழுதி 1866இல் வெளியிட்டார். அது பின்னர் உலகெங்கும் பரவிற்று. நீராவிப் படகு வந்து இழுப்போர் தொழில் மறைந்தபின்னும் பாட்டு நின்றது. நம் கால்வாயோட்டிகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

இவ்வேறுபாட்டை விளக்க அயல்நாடு செல்லவும் வேண்டா. அக்கால்வாய் சென்னையை நெருங்கும்போது மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையே செல்கின்றது. இரண்டும் கருநாடக இசை வரலாற்றில் சிறந்த ஊர்கள். கால்வாய் வெட்டுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, மணலி முத்துகிருட்டிண முதலியார் என்னும் துபாசி, இராமசாமி தீட்சிதரையும் அவர் மக்களையும் மணலிக்கு அழைத்து ஆதரித்தார். மூத்த மகனாராகிய முத்துசாமி தீட்சிதர், புனித சார்ச்சுக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவை நோட்டுசுவரம் எனப்படும்; ஏறத்தாழ நாற்பது உள்ளன. தம்பியாராகிய பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு இணங்கச் செய்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. திருவொற்றியூரிலோ, தியாகராசரின் மாணவர் வீணை குப்பையர் வாழ்ந்தார். அவ்வூர்த் திரிபுரசுந்தரியைத் தியாகராசர் ஐந்து கீர்த்தனங்களால் பாடினார்.

இவையெல்லாம் நமக்கு எவ்வாறு தெரிகின்றன? வள்ளல்கள் ஆதரித்தனர், மாணாக்கர் பயின்றனர், பின்வந்தோர் எழுதினர். பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புதல்வருமாகிய சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலைச் சுரக்குறிப்புடன் வெளியிட்டார். அந்நூல் தோன்றாதிருப்பின் எத்துணையோ கீர்த்தனங்களின் பழைய வடிவம் இன்று ஐயத்துக்கு இடமாயிருக்கும். அக்கரை வழியே உப்புப் படகு தள்ளியோன் பாட்டைச் சுரப்படுத்த எவரும் முன்வரவில்லை. தியாகராசர் ‘நௌகா சரித்திரம்’ என்னும் இசைநாடகத்தில் ஓடம் செலுத்தும் பாட்டையும் அமைத்தார். படகோட்டியின் குரலில் அவர் போன்ற மேதையே இசையைக் கண்டிருக்க, பிறர் காணாதொழிந்தது வியப்பே.

நாட்டுப் பாடல்களைத் தொகுத்தோர் இல்லாமல் இல்லை. சார்லசு கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்குவீன் திரட்டியவற்றைக் கி. வா. சகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்னும் பெயரால் பதிப்பித்தார். 1964இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வெளிவந்தது. இவர்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் ஒரு குறை உண்டு. ஏட்டில் ஏறியது சொல்லே. மெட்டும், மூச்சும், கயிறு நகரும் கணமும் அச்சில் அகப்படா. இங்கிலாந்தில் செசில் சார்ப்பு என்பவர் முதிய மாலுமிகளைத் தேடிச் சென்று, அவர்கள் பாய்மரம் ஏற்றும்போது பாடிய பாட்டுகளைச் சுரத்தோடு எழுதி 1914இல் நூலாக்கினார். அவர் காலத்தில் பாய்க்கப்பல்கள் மறைந்துகொண்டிருந்தன. பாடியோர் மட்டும் உயிரோடிருந்தனர்.

பழவேற்காட்டுக் கரையிலும் அத்தகைய மாற்றம் நேர்ந்துவிட்டது. முதலில் பருத்திவலை போய் இலேசான நைலான் வலை வந்தது. 1980ஆம் ஆண்டுகளில் கட்டுமரங்களிலும் இயந்திரம் பொருத்தும் வழக்கம் தமிழகக் கரையிற் பரவலாயிற்று. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், கண்ணாடி இழைப் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. கால்வாயிலோ படகுப் போக்குவரத்து அதற்கு முன்னரே தேய்ந்துவிட்டது. இம்மாற்றத்தை வெறுத்தற்கு இடமில்லை. துடுப்பு வலித்துத் தோள் நொந்தவனுக்கு இயந்திரம் பெரும் உதவியே. அவன் பிள்ளை பள்ளிக்குச் செல்லவும் அது வழி செய்தது. ஆனால் இயந்திரம் ஓடும்போது முன்பாட்டுக்கு வேலையில்லை, பாடினும் கேளாது. தாலாட்டு அவ்வாறன்று. தொட்டிலும் குழந்தையும் உள்ளவரை அதற்கு வேலை உண்டு. தொழிற்பாட்டோ தொழிலோடு பிறந்து தொழிலோடு மறைவது. அதனைப் பாடியோருள் முதியவர் சிலரேனும் குப்பங்களில் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்துவிடுதல் இக்காலத்தில் அரிய செயலன்று.

2017ஆம் ஆண்டில் ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ என்றொரு பாட்டு வெளிவந்தது. எண்ணூர்க் கழிமுகம் ஆலைகளாலும் சாம்பலாலும் கெடுவதைச் சென்னைப் பேச்சுத்தமிழில் கூறும் அப்பாட்டைக் கபேர் வாசுகி எழுதினார், டி. எம். கிருட்டிணா பாடினார். அதற்கு இராகமாலிகையாக மெட்டமைத்தவர் ஆர். கே. சிறீராம்குமார் என்னும் வயலின் வித்துவான். பாலுசாமி தீட்சிதர் வயலின் பயின்ற மணலி அக்கழிமுகத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மேடையில் வளர்ந்த இசை, மீனவர் நீருக்காக அக்கரைக்கு இறங்கி வந்தது அப்போதுதான்.

கரையின் இசையோ பிற இடங்களுக்கு எப்போதோ ஏறிச் சென்றுவிட்டது. தேர்வடம் பற்றுவோரும், வழியில் நின்றுவிட்ட வண்டியைத் தள்ளுவோரும் யாரும் கற்பிக்காமலே ‘ஐலசா’ என்கின்றனர். கடலையே காணாத ஊர்ப் பள்ளிகளிலும், விளையாட்டு விழா நாளில் கயிறு இழுக்கும் சிறுவருள் ஒருவன் முன்னே குரல் கொடுக்க, மற்றையோர் அந்த நெடிலில் ஒன்றாகச் சாய்ந்து இழுக்கின்றனர்.