கோட்டு இல்லாத பாதிரியார்!

நாகர்கோவில் பக்கம் ஏதாவது கல்யாண வீட்டுக்குப் போனால், பந்தியில் உட்கார்ந்ததும் மெதுவாக ஒரு கேள்வியை எடுத்து விடுங்கள். "தெளிப்பு ஞானஸ்நானம் சரியா, முழுக்கு ஞானஸ்நானம் சரியா?"

அவ்வளவுதான். அவியல் ஆறிப்போகும், விவாதம் ஆறாது! சி.எஸ்.ஐ. பெரியப்பா, "பச்சப்புள்ள தலையில நாலு சொட்டுத் தண்ணி போதும்டே" என்பார். பெந்தெகொஸ்தே மச்சான் விடமாட்டார். "விவரம் தெரிஞ்ச வயசுல, முங்கி எந்திக்கணும் மக்கா!"

முழுக்கு விஷயத்தில் மச்சானுக்கு மூத்தவர்கள் பாப்டிஸ்ட்டுகள். பெயரிலேயே ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டவர்கள். தானே நம்பி, தன் வாயால் அறிக்கை செய்பவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கட்சி. அவர்களில் பிரபலமான வில்லியம் கேரி, 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். கிருஷ்ணபால் என்ற தச்சரை ஹூக்ளி ஆற்றில் முழுக்கி எடுத்தது 1800 டிசம்பரில். முதல் ஆளுக்கு ஏழு வருஷம்!

தண்ணீர் எவ்வளவு என்ற சண்டை இருக்கட்டும். "தம்பி, நீ எதுக்கு வந்தே?" என்று வந்தவனை நிறுத்திக் கேட்ட ஒரு மனிதர் நாஞ்சில் நாட்டிலும் இருந்தார். அவர் பாப்டிஸ்ட் இல்லை, லூதரன் வழியில் வளர்ந்தவர். பெயர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. வாயில் நுழைய மறுக்கும் இந்தப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் காட்டுப்புறா என்று அர்த்தம்!

பிரஷ்யா நாட்டின் சைலீசியாவில் 1770-ல் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படிப்பு. கல்கத்தாவுக்கு ஒருதரம் வந்து, ஒத்துவராமல் ஊர் திரும்பினார். மறுபடி லண்டன் மிஷன் அனுப்பி, 1804-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே உட்கார்ந்து தமிழ் படித்தார்.

அவரை மயிலாடிக்கு இழுத்து வந்த ஆள் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மயிலாடி என்றால் இன்றைக்கு உளிச் சத்தம்தான் ஞாபகம் வரும். சிலை செதுக்குகிற ஊர். அந்த ஊர்க்காரர் மகாராசன். தேடல் மனசு. சிதம்பரத்துக்கு நடையாய் நடந்து தரிசனத்துக்குப் போனார். போன இடத்தில் மனசு நிறையவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியபோது கோலாப் பாதிரியாரின் பிரசங்கம் காதில் விழுந்தது. அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆகி ஊர் வந்து சேர்ந்தார். தானே நாலு பேரைக் கூட்டி வைத்து வேதம் வாசித்தார். பிறகு, 'எங்களுக்கு ஒரு ஐயர் வேணும்' என்று தஞ்சாவூருக்கே திரும்பிப் போய்க் கேட்டார். (அந்தக் காலத்தில் பாதிரியாருக்கும் 'ஐயர்' என்றுதான் பெயர். குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

ஆக, வெள்ளைக்காரர் வந்து சபை உண்டானது என்பது பாதிக் கதைதான். சபைக்காரர் போய் வெள்ளைக்காரரை அழைத்து வந்தார்.

1806 ஏப்ரல் 25. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். கோயில் கட்ட அனுமதி கேட்டால் சமஸ்தானம் மசியவில்லை. ரெசிடென்ட் மெக்காலே சிபாரிசு இருந்தும் இழுத்தடிப்புதான். நம்ம ஊர் ஃபைல் நகரும் வேகம் அன்றைக்கும் அதேதான் போலிருக்கிறது. 1809-ல்தான் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. அதே வருஷம் பள்ளிக்கூடமும் வந்தது. அந்தப் பள்ளிதான் பிறகு நாகர்கோவிலுக்கு இடம் மாறி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சபைகள் முளைத்தன. ஜனம் வந்தது. தலைவலியும் கூடவே வந்தது.

ஏன் வந்தார்கள்? அப்போது நாடார் சமூகத்தாரும் மற்ற எளிய ஜனங்களும் தலைக்கு வரி கட்ட வேண்டும். போதாததற்கு 'ஊழியம்'. இன்று சர்ச்சில் 'ஊழியம்' என்றால் இறைப்பணி. அன்று சமஸ்தானத்தில் 'ஊழியம்' என்றால் கூலி இல்லாமல் சுமை சுமப்பது! ஒரே வார்த்தை, இரண்டு உலகம். வெள்ளைக்காரர் பக்கம் போய் நின்றால் இந்த இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை பலர் மனசில் இருந்தது.

ரிங்கல்தௌபேக்கு இது தெரியும். அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்க அவர் தயாராக இல்லை. வந்தவன் வரிக்காக வந்தானா, வழக்குக்காக வந்தானா, விசுவாசத்துக்காக வந்தானா என்று பார்த்தார். தலைமையகத்துக்கு ரிப்போர்ட் எழுதும்போதும் கணக்கை ஊதிக் காட்டவில்லை. சபை மக்களின் குறைகளையும் அப்படியே எழுதினார். மாதக் கடைசியில் 'டார்கெட்' கணக்கு எழுதும் நம்ம ஆட்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது!

ஆனால், வரிக்குப் பயந்து வந்தவனைக் கேவலமாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. முதுகில் சுமை ஏற்றுகிறவனிடமிருந்து தப்பிக்க நினைப்பது பாவமா என்ன? பின்னாளில் நம்ம பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காகப் போராடி 1859-ல் அரசாணை வாங்கினார்களே, அந்தத் தைரியத்தில் இந்தச் சபைகளுக்கும் பங்கு உண்டு. ரிங்கல்தௌபே கேட்ட கேள்வி சரி. அந்த ஜனத்தின் தேவையும் சரி. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த மனுஷர் பத்து வருஷம் திண்டாடினார்.

அடுத்து வந்த சார்லஸ் மீட் காலத்தைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1818-ல் அவரை நாகர்கோவிலில் நீதிபதியாகவே போட்டது சமஸ்தானம். பாதிரியாரே ஜட்ஜ்! கூட்டம் வராமல் இருக்குமா? இரண்டே வருஷத்தில் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். லண்டனில் முகம் சுளித்தார்கள். மீட் நீதிபதி வேலையை விட்டார்.

ரிங்கல்தௌபேயிடம் அப்படிப்பட்ட நாற்காலி எதுவும் கிடையாது. குடிசை மாதிரி வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, ஓரிரு ஸ்டூல். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சம்பளம் வந்த வேகத்தில் ஏழைகளுக்குப் போய்விடும். நமக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் பத்தாம் தேதி காணாமல் போகிறது. ஆனால் போகிற திசை வேறு.

1816-ல் உடம்பு ஒத்துழைக்காமல் புறப்பட்டார். பதிலுக்கு ஒரு வெள்ளைக்காரர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தன் வெள்ளை அங்கியைக் கழற்றி, சபையார் முன்னால் வேதமாணிக்கத்துக்கு உடுத்தி, பொறுப்பை ஒப்படைத்தார். சென்னை போய்ச் சேர்ந்தபோது அவரிடம் ஒரு கோட்டுகூட இல்லை. தலையில் நாட்டு வைக்கோல் தொப்பி. அந்தக் கோலத்தில்தான் கப்பல் ஏறப் போனார்!

அதன் பிறகு கிழக்குக் கடல் பக்கம் போனவரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. எங்கே இறந்தார், யார் புதைத்தார்கள், எதுவும் தெரியாது. கல்லறையும் இல்லை. காட்டுப்புறா பறந்துவிட்டது.

மீட் வந்து சேரும்வரை, மயிலாடிச் சபைகளை நடத்தியது வேதமாணிக்கம்தான். பிரசங்கம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து எல்லாமே சிதம்பரத்துக்கு நடந்து போன அந்த மயிலாடிக்காரர் தலையில். இன்றைக்கு மயிலாடியில் நிற்கும் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பெயர், ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம்.