மின்னஞ்சலில் வந்த படம் தெரியவில்லையா?

"பாய், டிசைன் படமெல்லாம் மெயில்ல போட்டாச்சு, பார்த்துட்டு ரேட் சொல்லுங்க" என்று மறுமுனையில் இருப்பவர் போனை வைத்துவிடுகிறார். இங்கே மெயிலைத் திறந்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கட்டத்தின் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, அல்லது கிழிந்த காகிதம் போன்ற ஒரு சின்ன அடையாளம்.

திண்டுக்கல்லில் இது அன்றாடத் தொல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு ஆகட்டும், சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலை ஆகட்டும், பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் வியாபாரம் ஆகட்டும், எல்லாமே பார்த்து வாங்கும் சரக்கு. உள்ளூர் வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது உண்மைதான். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள், பெரிய கம்பெனிகளின் கொள்முதல் பிரிவுகள், வளைகுடாவிலிருந்து வரும் வேலைக் கடிதங்கள், கல்லூரி அனுமதி, விமான டிக்கெட் ஆகியவை இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகின்றன.

படம் தெரியவில்லை என்றதும் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. நெட் ஸ்லோ என்று போனை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். இல்லையென்றால் திரையில் எந்தப் பொத்தான் தெரிகிறதோ அதை அழுத்திவிடுவார்கள். முதலாவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டாவது சில நேரம் பணத்தையே கொண்டுபோய்விடும். ஆகவே படத்தை வரவழைப்பது எப்படி என்பதோடு, எப்போது வரவழைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

படம் வரும் இரண்டு வழிகள்

தொடக்கத்தில் மின்னஞ்சலில் எழுத்துகளை மட்டுமே அனுப்ப முடிந்தது. 1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் நதானியேல் போரன்ஸ்டைன் என்ற கணினி ஆய்வாளர், தாம் பாடிவந்த குழுவின் புகைப்படத்தையும் பாடலையும் இணைத்து ஒரு மடல் அனுப்பினார். அவரும் நெட் ஃப்ரீட் என்பவரும் சேர்ந்து வகுத்த 'மைம்' என்ற முறைதான் இன்று நாம் அனுப்பும் ஒவ்வோர் இணைப்புக்கும் அடிப்படை. இந்த முறையில் படம் மடலுக்குள்ளேயே வருகிறது. தபால் உறைக்குள் போட்டோவை வைத்து ஒட்டி அனுப்புவது போல.

பிறகு இணையப் பக்கம் போலவே மடலையும் வடிவமைக்கும் பழக்கம் வந்தது. அப்போது இரண்டாவது வழி பிறந்தது. இதில் படம் மடலுக்குள் இருக்காது. அது எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். மடலில் இருப்பது அதன் முகவரி மட்டுமே. நாம் மடலைத் திறக்கும்போது நம் கருவி அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துவந்து காட்டும். "போட்டோ எங்கள் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கடிதம் எழுதுவது மாதிரி. விளம்பர மடல்கள், வங்கி அறிவிப்புகள், கம்பெனிகளின் லோகோக்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

சிக்கல் இந்த இரண்டாவது வகையில்தான். கடைக்குப் போய்ப் படத்தைப் பார்த்தால், நாம் வந்து போனது கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? இதுவும் அப்படியே. ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகவரி வைத்துப் படத்தை அனுப்பினால், எந்த மெயில் ஐடிக்காரர் எந்த நேரத்தில் மடலைத் திறந்தார் என்று அனுப்பியவரால் அறிய முடியும். எந்த இணைய இணைப்பிலிருந்து, எந்த வகைக் கருவியிலிருந்து என்பதும் தெரியவரலாம். இதற்காகவே கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படத்தை மடலில் ஒளித்துவைப்பவர்கள் உண்டு. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்பும் வழக்கம் இருந்ததே, அதில் தபாலைப் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் புள்ளி நம் கையெழுத்தைக் கேட்காமலே அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குப்பை மடல் அனுப்புபவனுக்கு, "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்ற அந்த ஒரு தகவலே போதும். அடுத்த நாளிலிருந்து மடல்கள் குவியும்.

இதனால்தான் அவுட்லுக் 2003 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் வெளிப் படங்களைத் தானாகக் காட்டாமல் நிறுத்திவைத்தது. தண்டர்பேர்டும் அப்படியே செய்கிறது. ஜிமெயில் 2013 டிசம்பரில் வேறு வழிக்கு மாறியது. படத்தை கூகுளின் சர்வரே போய் எடுத்துவந்து நமக்குக் காட்டுகிறது. அதனால் நம் இணைய இணைப்பு அனுப்பியவருக்குத் தெரிவதில்லை. ஆனால் மடல் திறக்கப்பட்டது என்பதை மட்டும் அவர் அப்போதும் அறிய முடியும். ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15 உடன் இன்னொரு உத்தியைக் கொண்டுவந்தது. அதை இயக்கி வைத்தால், நாம் மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. யார் உண்மையில் படித்தார் என்பது அனுப்பியவருக்குப் புரியாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆக, கட்டம் வெறுமையாக இருந்தால் எப்போதும் ஏதோ பழுது என்று பொருளல்ல. பல நேரம் உங்கள் மெயில் சேவை வாசலில் நின்று, "இவரை உள்ளே விடலாமா?" என்று உங்களிடம் கேட்கிறது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாதாரணமாகத் தானே படம் காட்டும் ஜிமெயில், ஒரு மடலில் மட்டும் காட்ட மறுக்கிறது, நீங்களும் செட்டிங்ஸில் எதையும் மாற்றவில்லை என்றால், அந்த மடல் மீது அதற்குச் சந்தேகம் இருக்கலாம். ஸ்பாம் பெட்டியில் கிடக்கும் மடல்களுக்கும் அது படம் காட்டாது.

அழுத்தும் முன்

படம் தெரியாத இந்தக் குழப்பத்தையே மோசடிக்காரர்கள் தூண்டிலாக்குகிறார்கள். மடலுக்குள் மங்கலான ஒரு படத்தைப் போட்டு, அதன்மேல் "படத்தைக் காண இங்கே அழுத்தவும்" என்று ஒரு பொத்தானையும் வரைந்துவிடுவார்கள். அழுத்தினால் ஜிமெயில் போலவோ மைக்ரோசாஃப்ட் போலவோ தோன்றும் பக்கம் திறந்து, பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்தால் கதை முடிந்தது. பிறகு உங்கள் பெட்டியில் உட்கார்ந்து உங்கள் இன்வாய்ஸ்களைப் படிப்பவன், வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரிலேயே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய எண்ணுக்குப் பணம் அனுப்பவும்" என்று எழுதுவான். ஏற்றுமதி செய்பவர்களைக் குறிவைத்து உலகெங்கும் நடக்கும் மோசடி இது.

உண்மையான அறிவிப்பையும் போலியையும் பிரித்தறிவது கடினமல்ல. மெயில் சேவையின் அறிவிப்பு மடலின் உள்ளடக்கத்துக்கு வெளியே, அனுப்பியவர் பெயருக்குக் கீழே ஒரு பட்டையாக வரும். ஜிமெயிலில் 'டிஸ்ப்ளே இமேஜஸ் பிலோ', அவுட்லுக்கில் 'டவுன்லோட் பிக்சர்ஸ்' என்று இருக்கும். அதை அழுத்தினால் அதே மடலில் படம் தெரியும், அவ்வளவுதான். புதுப் பக்கம் எதுவும் திறக்காது. பாஸ்வேர்ட், ஓடிபி எதுவும் கேட்காது. மடலுக்குள் இருக்கும் பொத்தான் எதுவானாலும் அது அனுப்பியவர் வைத்தது.

லோகோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடா வேலைக் கடிதம் என்று ஒன்று வருகிறது. படங்களுக்கு அனுமதி கொடுத்ததும் பெரிய நிறுவனத்தின் லோகோ பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. லோகோ யாரும் நகலெடுக்கக்கூடிய ஒரு படம். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு, '@' குறிக்குப் பின்னால் இருக்கும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

அனுப்பியவர் தெரிந்தவர், மடலும் எதிர்பார்த்ததுதான் என்றால் தாராளமாக அனுமதி கொடுக்கலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து பல்சக்கர அடையாளத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், 'ஜெனரல்' பகுதியில் 'இமேஜஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'ஆஸ்க் பிஃபோர்' என்று தொடங்கும் வரி தேர்வாகி இருந்தால், ஒவ்வொரு முறையும் அது கேட்டுவிட்டுத்தான் காட்டும். கைப்பேசிச் செயலியில் செட்டிங்ஸ் சென்று உங்கள் கணக்கைத் தொட்டால் இதே 'இமேஜஸ்' கிடைக்கும். அவுட்லுக்கில் எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். நம்பகமான அனுப்புநரை மட்டும் 'சேஃப் சென்டர்ஸ்' பட்டியலில் சேர்த்தால் போதும். அவருடைய படங்கள் அடுத்த முறை தானாகத் தெரியும்.

உண்மையிலேயே பழுது என்றால்

அனுமதி கொடுத்தும் படம் வரவில்லையா? அதே மடலை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். கணினியில் தெரியாதது கைப்பேசியில் தெரிந்தால் கோளாறு உங்கள் கணினியில். இரண்டிலும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அனுப்பியவரிடம்.

உங்கள் பக்கம் என்றால், பிரவுசரில் சேர்த்திருக்கும் விளம்பரத் தடுப்பு நீட்சிகள்தான் முதல் சந்தேக நபர்கள். இன்காக்னிடோ ஜன்னலில் அவை பொதுவாக இயங்காது. அங்கே மெயிலைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். சில அலுவலகங்களின் நெட்வொர்க்கும் படங்களைத் தடுக்கும்; கைப்பேசி டேட்டாவில் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய அவுட்லுக்கில் தற்காலிகக் கோப்புகளின் ஃபோல்டர் நிரம்பிவிட்டாலும் சிவப்புப் பெருக்கல் குறி வரும். நீளமான மடலாக இருந்து கீழ்ப் பகுதிப் படங்களை மட்டும் காணோம் என்றால், ஜிமெயில் மடலைப் பாதியில் நறுக்கியிருக்கும். மடலின் எழுத்து வடிவம் சுமார் 102 கேபியைத் தாண்டினால் அப்படிச் செய்யும். அடியில் முழு மடலையும் பார்ப்பதற்கான இணைப்பு இருக்கும்.

அனுப்பியவர் பக்கத் தவறுகள்தான் சுவாரசியமானவை. ஏனென்றால் அவர் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், "என்கிட்ட நல்லாத்தானே தெரியுது!" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மையே. படத்தை இணைக்காமல், தம் கணினியில் அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் மடலில் போகும்படி செய்திருப்பார். அவருடைய கணினிக்கு அந்த இடம் தெரியும், உங்களுடையதற்குத் தெரியாது. கோப்பு நகர்த்தப்பட்டிருக்கலாம், பெயர் மாற்றப்பட்டிருக்கலாம், நீக்கப்பட்டிருக்கலாம் என்று அவுட்லுக் ஆங்கிலத்தில் காட்டும் செய்தி பெரும்பாலும் இதனால்தான். கூகுள் டிரைவிலும் இதே கதை. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் அது டிரைவ் இணைப்பாக மாறிவிடும். அனுப்பியவர் பார்க்கும் அனுமதியைக் கொடுக்காவிட்டால் உங்களுக்குத் திறக்காது.

படம் இணைப்பாக வந்தும் திறக்க மறுத்தால் கோப்பின் பெயர் முடியும் இடத்தைப் பாருங்கள். 'ஹெச்இஐசி' என்று முடிந்தால் அது ஐபோன் படம். 2017-க்குப் பிந்தைய ஐபோன்கள் இந்த வடிவத்தில்தான் படங்களைச் சேமிக்கின்றன. பல விண்டோஸ் கணினிகளில் கூடுதல் நிரல் இல்லாமல் திறக்காது. அனுப்புபவர் தம் போனில் கேமரா செட்டிங்ஸ் போய், 'ஃபார்மட்ஸ்' என்பதில் 'மோஸ்ட் கம்பேடிபிள்' என்று மாற்றிக்கொண்டால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகிவிடும். 'வின்மெயில் டாட் டேட்' என்று ஒரு விநோதக் கோப்பு மட்டும் வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் 'ரிச் டெக்ஸ்ட்' முறையில் இருக்கிறது; ஹெச்டிஎம்எல் முறைக்கு மாற்றி மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். படத்தின் பெயர் 'இஎக்ஸ்இ' அல்லது 'ஏபிகே' என்று முடிந்தால் அது படமே அல்ல. தொடவே வேண்டாம், அழித்துவிடுங்கள்.

பழைய மடல்களில் முன்பு தெரிந்த படங்கள் இப்போது காணாமல் போயிருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அவை சர்வரில் இருந்த படங்கள். வைத்திருந்தவர் நீக்கிவிட்டால் எந்தச் செட்டிங்ஸை மாற்றியும் மீட்க முடியாது. ரசீது, உத்தரவாத அட்டை, பார்கோடு உள்ள பயணச் சீட்டு போன்றவற்றை வந்த அன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுவது நல்லது. மதுரை அல்லது திருச்சி விமான நிலைய வாசலில் சிக்னல் இல்லாமல், பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

நாம் அனுப்பும்போதும் இதையெல்லாம் நினைவில் கொள்ளலாம். விலை, மாடல் எண், அளவு இவற்றைப் படத்துக்குள் மட்டும் எழுதாமல் மடலிலும் தட்டச்சு செய்யுங்கள். படம் தெரியாவிட்டாலும் ஆர்டர் நிற்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் அந்த எழுத்துகளைத்தான் படிக்கும். மறுமுனையில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்கள் இதை அப்படியே அனுப்பலாம்: "படம் தெரியவில்லை. ஜேபெக் கோப்பாக மடலோடு இணைத்து மீண்டும் அனுப்பவும். லிங்க் வேண்டாம்."