பன்னிரண்டு பாத்திகள்

1976 ஆகஸ்ட் 25 அன்று 'பாஸ்டன்' என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. அதற்கும் 'பாஸ்டன்' என்றே பெயர். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கான விற்பனைச் சான்றிதழ் பெற்ற ஆல்பம் அது. அதன் கருவியிசையில் பெரும்பகுதி பதிவான இடமோ, மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் ஒரு வீட்டின் நிலவறை.

அந்த வீட்டில் இருந்தவர் குழுவின் கிட்டார் கலைஞர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் முதுநிலைப் பட்டம் பெற்றவர். பகலில் போலராய்ட் கேமரா நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர், இரவில் நிலவறையில் கிட்டார். ஆல்பத்தில் நாம் கேட்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை, பேஸ், ஆர்கன் எல்லாம் அவர் ஒருவரே வாசித்தவை. ஒரே ஆள் ஒரு குழுவாக ஒலிப்பது எப்படி? பதில் பல தட ஒலிநாடா இயந்திரத்தில் இருக்கிறது. அவரிடம் இருந்தது ஸ்கல்லி நிறுவனத்தின் 12 டிராக் இயந்திரம்.

ஒலிநாடா என்பது இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் பட்டை. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் 'ஹெட்' எனப்படும் சிறு மின்காந்தத்தில் பாய, எதிரே ஓடும் நாடாவின் துகள்கள் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் காந்தமாகின்றன. திரும்ப ஓடவிட்டால் அந்தக் காந்தத்தடம் ஹெட்டின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். அதுதான் ஒலிபெருக்கிக்குப் போகிறது. வயலைப் பாத்தி கட்டுவதுபோல நாடாவின் அகலத்தை 12 பட்டைகளாகப் பிரித்தால், ஒன்றில் டிரம்ஸ், அடுத்ததில் பேஸ், அதற்கடுத்ததில் கிட்டார் என்று தனித்தனியாகப் பதியலாம். ஒரு பாத்தியைத் திருத்தும்போது பக்கத்துப் பாத்தி கெடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். பதியும் ஹெட் ஓரிடத்தில் இருக்க, ஒலிக்கும் ஹெட் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முன்பு பதிந்த டிரம்ஸை ஒலிக்கும் ஹெட் வழியே கேட்டுக்கொண்டு கிட்டார் வாசித்தால், புதிய பதிவு நாடாவில் சற்றுப் பிந்திய இடத்தில்தான் விழும். வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தாளம் தப்பிவிடும். ஆம்பெக்ஸ் நிறுவனம் கண்ட தீர்வு எளிமையானது: பதியும் ஹெட்டின் மற்றப் பட்டைகளையே அந்த நேரத்துக்குக் கேட்கும் கருவியாக்கிவிடுவது. பழையதைக் கேட்பதும் புதியதைப் பதிவதும் ஒரே கோட்டில் நடப்பதால் இடைவெளி மறைகிறது. 1957-இல் இந்த வசதியுள்ள 8 டிராக் இயந்திரத்தைப் பெற்றவர் கிட்டார் மேதை லெஸ் பால். ஷோல்ஸ் கையில் இருந்த கிட்டாரும் லெஸ் பாலின் பெயர் தாங்கியதே.

பாத்திகள் தீர்ந்துபோனால், நிரம்பிய சிலவற்றைக் கலந்து காலியான ஒன்றில் நகலெடுப்பார்கள். ஒவ்வொரு நகலிலும் நாடாவின் இரைச்சல் கொஞ்சம் கூடும். கலந்ததைப் பிறகு பிரிக்கவும் முடியாது. அதனால் பாட்டு முடிந்தபின் எப்படி ஒலிக்கவேண்டும் என்பது முதல் நாளே மனதில் தெளிவாக இருக்கவேண்டும்.

ஷோல்ஸ் ஒரே கிட்டார் வரியை இரண்டு முறை வாசித்து இரண்டு டிராக்கில் வைப்பார். எவ்வளவு பழகிய கையும் மறுமுறை அச்சு அசலாக வாசிக்காது. நூலிழை அளவுக்கு மாறும் அந்தச் சுருதியும் காலமும்தான் காதுக்கு அகலமாகக் கேட்கின்றன. இதை நகலெடுத்துப் பெற முடியாது; வாசித்தே ஆகவேண்டும்.

ராக் கிட்டாரின் கரகரப்புக்கும் இயற்பியல் காரணம் உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் முகடுகள் நறுக்கப்படும். நறுக்கிய அலையில் புதிய மேற்சுரங்கள் தோன்றும், நாதமும் நீளும். அதற்கு முழு சத்தம் வைக்கவேண்டும். குடியிருப்பு வீட்டில் அது ஆகுமா? ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மிகுதிச் சக்தியை வெப்பமாக்கிக் கழிக்கும் ஒரு பெட்டியை வைத்தால் கரகரப்பு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் அடங்கும். 'பவர் சோக்' என்ற பெயரில் இத்தகைய கருவியைப் பிற்பாடு ஷோல்ஸே தயாரித்து விற்றார்.

குழுவுடன் ஒப்பந்தம் செய்த எபிக் இசைத்தட்டு நிறுவனம், நிலவறையில் செய்த மாதிரிப் பதிவுகள் எல்லாவற்றையும் முறையான ஸ்டுடியோவில் மறுபடி பதியச் சொன்னது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் குழுவின் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அழைத்துப்போனார். ஷோல்ஸ் நிலவறையிலேயே இருந்து தம் பழைய மாதிரிப் பதிவுகளை மீண்டும் வாசித்துப் பதிந்தார். கடைசியில் ஒலிப்பதிவு வண்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தது. நிலவறை ஜன்னல் வழியே கேபிள் நுழைந்து, டிராக்குகள் 24 டிராக் நாடாவுக்கு ஏறின. குழுவின் பாடகர் பிராட் டெல்ப்பின் பாட்டு பிறகு கலிஃபோர்னியாவில் சேர்ந்தது. கருவி தெரிந்தவர் தம் அறையையும் தெரிந்துவைத்திருந்தார். அவர் பிடிவாதம் சரியானதே.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'மோர் தேன் எ ஃபீலிங்'. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். உச்சத்தில் அடுக்கடுக்காக எழும் குரல்கள் ஒரு கூட்டம் சேர்ந்து பாடுவதுபோல இருக்கும். அத்தனையும் டெல்ப் ஒருவருடைய குரல்.