உங்களுக்குத் தெரியுமா? நட்சத்திரம் சொல்லும் வயது

அமெரிக்கக் கொடியில் 13 நட்சத்திரங்கள் இருக்கட்டும் என்றது 1777ஆம் ஆண்டுத் தீர்மானம். எப்படி அடுக்குவது என்று சொல்லவில்லை. தைத்தவர்களுக்குக் கொண்டாட்டம்! வட்டமாக, வரிசையாக, சிறு நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரே பெரிய நட்சத்திரமாக என்று இஷ்டத்துக்குத் தைத்தார்கள். 1912இல் அதிபர் டாஃப்ட், 48 நட்சத்திரங்களை எட்டெட்டாக ஆறு வரிசையில் நிறுத்திய பிறகுதான் இந்தக் கூத்து அடங்கியது.

மாநிலத்துக்கு ஒன்றாக நட்சத்திரங்கள் கூடிக்கொண்டே போனதால், அவற்றை எண்ணிக் கொடியின் வயதைக் கணிக்கலாம். ஆனால் 13 என்றதும் சேகரிப்பாளர்கள் ஏமாந்துவிடக் கூடாது. 1876இல், சுதந்திர நூற்றாண்டு விழாவுக்கும் 13 நட்சத்திரக் கொடிகள் தைக்கப்பட்டன.

வேடிக்கை, 39 நட்சத்திரக் கொடிதான். அது அதிகாரபூர்வக் கொடியாக இருந்ததே இல்லை! டகோட்டா ஒரே மாநிலமாகச் சேரும் என்று நம்பிச் சிலர் முந்திக்கொண்டார்கள். டகோட்டாவோ இரண்டாகப் பிரிந்தது. வேறு மாநிலங்களும் சேர, 1890 ஜூலை 4 அன்று 38 ஒரே தாவலில் 43 ஆனது.